ஒரே தொழில், வேறு தெரு

கோவை கணபதிப் பக்கம் என் சித்தப்பா ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று மெஷின், இரண்டு ஆட்கள். மூன்றாவது மெஷினில் அவரே நிற்பார். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் தொழில். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டது என்று வாசலில் நின்றபடி சொல்லிவிடுவார். அந்த அளவுக்குத் தொழில் தெரிந்தவர்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு சமயம் ராத்திரி பத்து மணி வரை மூன்று மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்டருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சனிக்கிழமை கூலி போடும்போது கையில் காசு இருக்காது. சித்தியின் வளையல் அடகுக்கடைக்குப் போகும், வரும், மறுபடி போகும். கேட்டால், "பார்ட்டிகிட்ட பணம் நிக்குது, வேற ஒண்ணுமில்ல" என்பார். நாங்களும் அதை நம்பினோம்.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். மோட்டார் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். காலையில் நடக்கப் போய்விட்டுத் திரும்பும்போது பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார். ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்: "தம்பி, இந்த மெஷின் ஒரு மணி நேரம் ஓடுனா உங்களுக்கு என்ன செலவாகுது?"

சித்தப்பா சிரித்துவிட்டார். "அதெல்லாம் கணக்குப் பார்த்தா தொழில் பண்ண முடியாதுங்ணா."

பெரியவர் சிரிக்கவில்லை. ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். ஆள் கூலி மணிக்கு 60. வாடகை 10. கரண்ட் 20. டூல், ஆயில் எல்லாம் சேர்த்து 15. மெஷின் கடனுக்கு வட்டி 20. ரிப்பேருக்கு 10. "உங்க சம்பளம்?" என்றார். சித்தப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கல்லாவில் மிஞ்சுவதுதானே முதலாளிக்கு? பெரியவர் அதற்கு ஒரு 30 போட்டார். மொத்தம் 165 ரூபாய். அப்புறம் பெரிய பார்ட்டியின் ஷாஃப்ட்டுக்கு வந்தார். ஒன்றுக்கு 16 ரூபாய். மணிக்குப் பன்னிரண்டு கடையலாம், 192 ரூபாய் வரும் என்பது சித்தப்பாவின் மனக்கணக்கு. இரண்டு நாள் ஆளை விட்டு எண்ணிப் பார்த்ததில் ஒன்பதுதான் வந்தது. சைஸ் மாறும்போதெல்லாம் செட்டிங் போட வேண்டும், டூல் தீட்ட வேண்டும், ஒன்றிரண்டு ரிஜெக்ட் ஆகும். ஒன்பது பதினாறு 144. மணிக்கு 21 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அந்தப் பார்ட்டிக்காக மாதம் 400 மெஷின் மணி நேரம் ஓடியது. 8,400 ரூபாய். ஊரெல்லாம் "பெரிய கம்பெனி ஆர்டர் வெச்சிருக்காரு" என்று பெருமையாகச் சொன்ன அதே ஆர்டர்தான் வளையலைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

பேர் தெரியாத ஒரு சின்னப் பார்ட்டியின் புஷ் வேலையில் மணிக்கு 220 வந்துகொண்டிருந்தது. அந்த வேலையை எப்போதும் கடைசியில் தள்ளிவைப்பார்கள்.

இந்தக் கணக்கில் சித்தப்பாவுக்குத் தெரியாத எண் ஒன்றுகூட இல்லை. கூலி, வாடகை, கரண்ட் பில் எல்லாமே அவர் கையால் கொடுக்கிற பணம். எல்லாவற்றையும் ஒரே சுவரில் எழுதிப் பார்க்கத்தான் வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. ஏன் அப்படி என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. தேடிப் படித்தபோது, இதையே உலகத்தில் பல இடங்களில் முறையாக அளந்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அவற்றில் நமக்கு மிக நெருக்கமானது மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் நடந்தது. பருத்தித் துணி நெய்யும் ஆலைகள். குடும்பங்கள் நடத்துபவை. நம் கணக்கில் இவை சின்னவை இல்லை, ஒவ்வொரு நிறுவனத்திலும் சராசரியாக 270 பேர் வேலை பார்த்தார்கள். ஆனால் நிர்வாகம் மட்டும் ஒரு குடும்பத்துக்குள்ளேயே, அப்பா, அண்ணன், தம்பி கையிலேயே இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் புளூமும் உலக வங்கியின் டேவிட் மெக்கென்சியும் இன்னும் சிலரும் சேர்ந்து, 2008 முதல் 17 நிறுவனங்களின் 28 ஆலைகளைப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் சில ஆலைகளுக்கு ஐந்து மாதம் ஆலோசகர்களை இலவசமாக அனுப்பினார்கள். முதல் மாதம் குறைகளைக் கண்டறிவது, அடுத்த நான்கு மாதம் கூடவே நின்று மாற்றிக் காட்டுவது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஆலைகளுக்கு முதல் மாதப் பரிசோதனை மட்டும்.

ஆலோசகர்கள் உள்ளே போனபோது கண்ட காட்சி எந்தத் தொழில்பேட்டைக்காரருக்கும் பழக்கமானதுதான். சீட்டு ஒட்டாத நூல் மூட்டைகள் கிட்டங்கியில் குவிந்து கிடந்தன. வழியெல்லாம் கழிவு. கருவிகள் தரையில் சிதறிக் கிடந்தன. நெசவில் பழுது வந்தால் சரிசெய்ய ஆள் உண்டு, ஆனால் எந்தத் தறியில், எந்த ஷிஃப்டில் அந்தப் பழுது திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதிவைக்க ஆள் இல்லை. ஆலோசகர்கள் 38 பழக்கங்களைப் பட்டியல் போட்டார்கள். ஒன்றுகூட பெரிய வித்தை கிடையாது. தறிக்கு வேளாவேளைக்குப் பராமரிப்பு, பழுதைத் தினமும் எழுதுவது, நூல் இருப்புக்குக் கணக்கு, காலையில் பத்து நிமிடம் கூடிப் பேசுவது, இந்த மாதிரி.

முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது. மூன்று வருடத்துக்குள் அந்த நிறுவனங்கள் புதிய ஆலைகளையும் திறந்தன. இத்தனை லாபம் தரும் வேலையை இத்தனை வருடம் ஏன் செய்யவில்லை என்று முதலாளிகளைக் கேட்டபோது கிடைத்த பதில்தான் எனக்கு முக்கியம். பணமில்லை, ஆளில்லை என்பதெல்லாம் பின்னால்தான் வந்தன. முதலில் வந்தது, அது ஒரு பிரச்சினையாகவே அவர்களுக்குத் தோன்றியதில்லை என்பது. பக்கத்து ஆலையிலும் அதே அளவு பழுது வருகிறது, அதனால் நம் தரம் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள். முதல் மாதப் பரிசோதனை மட்டும் நடந்த ஆலைகளில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குறையைச் சொல்லிவிட்டுப் போனது போதவில்லை. கூட நின்றதால்தான் மாறியது.

அந்த ஆய்வில் இன்னொன்றும் வெளிவந்தது. நிறுவனம் எவ்வளவு பெரிதாகும் என்பதை, அந்தக் குடும்பத்தில் வயதுவந்த ஆண்கள் எத்தனை பேர் என்பதே பெரிதும் தீர்மானித்தது. வெளியாளை நம்பிப் பொறுப்புக் கொடுக்க மனம் வராததால், தம்பி இருந்தால் இரண்டாவது ஆலை, மகன் வளர்ந்தால் மூன்றாவது ஆலை. நம் ஊர் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடைக் குடும்பங்களை ஒருமுறை மனதில் ஓடவிட்டால் இது எவ்வளவு உண்மை என்று புரியும். வீட்டில் மகள் இருந்தாலும் அவளை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம். சாக்பீஸ் பிடித்துக் கணக்குப் போடச் சொன்னால் சித்தப்பாவைவிட வேகமாகப் போடக்கூடியவள் அவர் மகள்தான்.

சரி, இதெல்லாம் 270 பேர் வேலை செய்கிற ஆலையின் கதை. தெருவோரத்தில் துணியும் காய்கறியும் விற்கிற ஒருவருக்கு ஆலோசகரை வைத்துக்கொடுக்க யாரால் முடியும்? அதற்குப் பதில் கென்யாவில் கிடைத்தது.

நைரோபியில் டாண்டோரா என்று ஓர் ஏழைக் குடியிருப்பு. அங்கே சின்னதாக வியாபாரம் செய்யும் இளம்பெண்களை ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வியாபாரக் கணக்கு, விற்பனை, திட்டமிடல் என்று முறையான வகுப்பு. இன்னொரு பகுதியினருக்கு வகுப்பு எதுவும் கிடையாது. அதே பகுதியில் பல வருடம் வியாபாரம் செய்து நிலைத்த ஒரு பெண்ணோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள். என்ன பேச வேண்டும் என்று பாடத்திட்டம் எதுவும் தரவில்லை.

வகுப்புக்குப் போனவர்களின் லாபத்தில் மாற்றம் தெரியவில்லை. ஜோடி சேர்ந்தவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. அந்த மூத்த பெண்கள் அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்? பெரும்பாலும், சரக்கை எங்கே மலிவாக வாங்குவது என்பதைத்தான். எந்த மொத்தக் கடை, எந்த நாள், யாரைக் கேட்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத, அந்த ஊரில் அந்தத் தொழிலைச் செய்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். வேறு ஊரிலிருந்து வருகிற எந்தப் பேராசிரியராலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

சந்திப்புகள் நின்றபோது லாபமும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு இறங்கியது. 2018-ல் வெளிவந்த இந்த ஆய்வைப் பேசுகிற பலர் 20 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இந்த இறக்கம்தான் பெரிய பாடம். நல்ல கடை எது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதாதா என்று தோன்றும். போதாது. விலை மாறும், கடைக்காரர் மாறுவார், புதுச் சரக்கு வரும். பழைய பதிலை வைத்துக்கொண்டு புதுச் சந்தையில் எத்தனை நாள் ஓட்ட முடியும்?

மும்பை ஆலைகளுக்கு ஒன்பது வருடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட இதே கதைதான். அன்று தொடங்கிய பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மேனேஜர் மாறிவிட்டார், முதலாளிக்கு நேரமில்லை, இந்த இரண்டும்தான் அதிகம் சொல்லப்பட்ட காரணங்கள். ஆனாலும் ஆலோசனை பெறாத ஆலைகளைவிட இவை இன்னும் தெளிவாக முன்னால்தான் இருந்தன. பழக்கங்கள் அதே நிறுவனத்தின் மற்ற ஆலைகளுக்கும் பரவியிருந்தன. பாதி போனது என்று வருந்துவதா, பாதி நின்றது என்று மகிழ்வதா என்று கேட்டால், ஒன்பது வருடத்துக்குப் பிறகும் பாதி நிற்பதை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

வெளியாள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் முடியாது. கானா நாட்டின் அக்ராவில் சின்னத் தையல் கடைக்காரர்களுக்குப் பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் ஆலோசகர்களை அனுப்பிப் பார்த்தார்கள். தையல்காரர்கள் சொன்னபடி கேட்டார்கள், பழக்கங்களை மாற்றினார்கள். லாபம் கூடவில்லை. கொஞ்ச நாளில் பழையபடியே ஆனார்கள். அறிவு குறைவான ஆலோசகர்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு ஆளும் ஒரு தையல் மெஷினுமாக இருக்கிற கடையில், நிர்வாகம் என்று தனியாக மாற்ற என்ன இருக்கிறது? கணக்கு எழுதுகிற ஒரு மணி நேரத்தில் ஒரு ஜாக்கெட் தைத்துவிடலாமே. மெக்சிகோவின் புயெப்லா மாநிலத்தில் கொஞ்சம் பெரியவையும் கலந்த 432 நிறுவனங்களிடம் இதே முயற்சி நடந்தது. அங்கே ஒரு வருடம் ஆலோசனை பெற்றவர்களிடம், ஐந்து வருடம் கழித்தும் வேலை செய்வோர் எண்ணிக்கை சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. தையற்கடைக்கு டாண்டோரா மாதிரி மூத்த தையற்காரர் ஒருவர் வேண்டும். இருபது பேர் இருக்கிற பட்டறைக்கு ஃபோர்மேன் வேண்டும். ஆளுக்கேற்ற ஆள்.

இன்னொரு வகை, ஒருவருக்கொருவர் வழிகாட்டுவது. சீனாவின் நான்சாங் நகரில் 2,820 சிறு நிறுவனங்களை எடுத்து, அவற்றில் ஒரு பகுதியினரைப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாக்கி, மாதம் ஒருமுறை என்று ஒரு வருடம் சந்திக்க வைத்தார்கள். ஒருவர் தொழிற்கூடத்துக்கு மற்றவர்கள் போவது, பேசுவது, அவ்வளவுதான். விற்பனை 8.1 சதவீதம் கூடியது. தங்களைவிடப் பெரிய நிறுவனங்கள் இருந்த குழுவில் விழுந்தவர்கள் இன்னும் நன்றாக வளர்ந்தார்கள். ஆய்வாளர்கள் இதில் ஒரு சின்னச் சோதனையும் செய்தார்கள். குழுவில் சிலருக்கு மட்டும், எல்லாருக்கும் கிடைக்காத ஒரு பண உதவித் திட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அது பரவுகிறதா என்று பார்த்தார்கள். போட்டியாளர்கள் இல்லாத குழுவில் பரவியது. ஒரே சந்தைக்குப் போட்டி போடுகிறவர்கள் இருந்த குழுவில் வாயை மூடிக்கொண்டார்கள்.

மனித இயல்புதானே. அதனால்தான் என்னிடம் யாராவது வழிகாட்டியாக யாரைத் தேடுவது என்று கேட்டால், ஒரே தொழில், வேறு தெரு என்று சொல்வேன். தொழில் வேறாக இருந்தால் அவர் கேட்கிற கேள்வி மேலோட்டமாக இருக்கும். தெரு ஒன்றாக இருந்தால் உங்கள் வாடிக்கையாளர் அவருக்கும் வாடிக்கையாளர். திண்டுக்கல்லில் ஸ்வீட் ஸ்டால் வைத்திருப்பவருக்குத் தஞ்சாவூர் ஸ்வீட் ஸ்டால்காரர் மனம் விட்டுப் பேசுவார். ரிட்டையர் ஆனவர் என்றால் தெருக்கணக்கும் தேவையில்லை. அவருக்குப் போட்டியும் கிடையாது, வீட்டில் நேரமும் போகாது.

வெளியில் போய்ப் பழகுவது நமக்குப் புதிதும் கிடையாது. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் நடத்திய காலத்தில், வசதியான வீட்டுப் பிள்ளைகூட இன்னொருவர் கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, வட்டிக் கணக்கும் பேரேடும் பழகி, மேலாளுக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாகி, அப்புறம்தான் பொறுப்புக்கு வருவான். சொந்த வீட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால் யாரும் தவறைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள் என்பது அந்தப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோவைப் பட்டறைக்காரர்களிலும் பாதிப் பேர் யாரோ ஒருவரின் ஃபவுண்டரியிலோ ஒர்க்‌ஷாப்பிலோ பத்து வருடம் நின்றவர்கள்தான். கஷ்டம் என்னவென்றால், தனியாகக் கடை போட்ட அன்றோடு அந்தக் கற்றல் நின்றுபோகிறது. முதலாளியானவரை யார் கேள்வி கேட்பார்கள்? ஆள் கேட்க மாட்டான், வேலை போய்விடும். மனைவி கேட்டால் சண்டை. சரக்குப் போடுகிற கம்பெனி ரெப் யோசனை சொல்வார், ஆனால் அந்த யோசனை எப்போதும் இன்னும் பத்துப் பெட்டி எடுப்பதில்தான் போய் முடியும்.

"எங்களுக்குத்தான் ஆடிட்டர் இருக்காரே" என்று பலர் சொல்வார்கள். ஆடிட்டரை நான் மதிக்கிறேன். ஆனால் ஜிஎஸ்டி, வருமான வரி என்று அரசுக்குக் காட்ட வேண்டிய கணக்கு அவருடையது. போன வருடம் மொத்தமாக என்ன மிஞ்சியது என்று சொல்வார். போன செவ்வாய்க்கிழமை எந்த வேலையில் நஷ்டம் வந்தது என்பது அவர் பார்க்கிற தாளில் இருக்காது.

இப்போது வேறொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி, மேடையில் பாட்டு, கைதட்டல், "ஆறு மாதத்தில் வருமானம் பத்து மடங்கு" என்ற வாக்குறுதி. எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் அப்படி ஒன்றுக்கு 40,000 ரூபாய் கட்டிவிட்டு வந்தார். வந்த வாரம் முழுக்க உற்சாகமாக இருந்தார். அவர் கடையில் ஒரே பொருள் மூன்று இடத்தில் அடுக்கப்பட்டிருந்ததையோ, பின்னறையில் தேதி முடிந்த பிஸ்கட் பெட்டிகள் கிடந்ததையோ அந்த மேடையிலிருந்த யாரும் பார்க்கவில்லை. கடைக்குள் வந்து நிற்காதவரின் யோசனைக்குப் பணம் கட்டாதீர்கள் என்று இதைப் படிக்கிற ஒவ்வொரு கடைக்காரரையும் கேட்டுக்கொள்கிறேன்.

நல்ல வெளியாள் வந்தால் தொழில் எவ்வளவு மாறும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 1950-ல் ஜப்பானிய விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளரை அழைத்துத் தரக் கட்டுப்பாட்டைக் கற்றார்கள். அவர் பெயரிலேயே ஒரு பரிசும் ஏற்படுத்தினார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, ஜப்பானியப் பேராசிரியர்களைத் தொழிற்சாலைக்கு வரவழைத்துக் கற்றுக்கொண்ட சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, 1998-ல் அந்தப் பரிசை வாங்கியது. இந்திய நிறுவனம் ஒன்று டெமிங் பரிசு வாங்கியது அதுவே முதல்முறை. அதையொட்டிய காலத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்களும் குழுக்குழுவாகச் சேர்ந்து ஆலோசகரை வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஒருவர் தனியாகக் கொடுக்க முடியாத சம்பளத்தை ஏழெட்டுப் பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இன்று அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. 2023-ல் புதுப்பிக்கப்பட்ட மத்திய அரசின் லீன் திட்டத்தில் (உற்பத்தியில் வீணாவதைக் குறைக்கும் முறைக்கு லீன் என்று பெயர்), சிறுதொழிலுக்கு ஆலோசகரை வைத்துக்கொள்ளும் செலவில் 90 சதவீதம் அரசுடையது. கிண்டியில் 2001 முதல் இயங்கும் தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்துக்கு மானியம் வாங்க மட்டும்தான் போக வேண்டும் என்று நினைக்கிறோம், அங்கே யாரைப் பார்க்கலாம் என்று கேட்கவும் போகலாம். கோவையில் 1969-ல் தொடங்கிய கொடிசியா மாதிரி எல்லா ஊரிலும் ஏதாவது ஒரு சிறுதொழில் சங்கம் உண்டு. கிராமத்துப் பெண்களுக்கு வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் மதி சிறகுகள் தொழில் மையங்கள் உண்டு. 1992-ல் ஜே.ஆர்.டி. டாட்டாவைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய பாரதிய யுவ சக்தி டிரஸ்ட், கடன் கேட்டு வரும் ஒவ்வொரு இளைஞருக்கும் ஒரு தன்னார்வ வழிகாட்டியையும் சேர்த்தே கொடுக்கிறது. கடனும் ஆளும் ஒன்றாக வருவது நல்ல யோசனை. நம் ஊரில் கடன் கொடுக்க ஆயிரம் பேர், ஆறு மாதம் கழித்து வந்து "எப்படிப் போகுது?" என்று கேட்க ஒருவர்கூட இல்லை.

வழி இருந்தும் நம்மவர்கள் போகாததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. கணக்கை வெளியாளுக்குக் காட்டுவது என்றால் வீட்டின் உள்ளறையைத் திறந்து காட்டுவது மாதிரி. கடன் எவ்வளவு என்று தெரிந்தால் பொண்ணுக்கு வரன் பேசும்போது வெளியே வந்துவிடுமோ என்ற பயம்கூட உண்டு. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. மானத்தோடு தொழில் செய்கிறவர்கள் இவர்கள். அதனால் முதல் நாளே பேரேட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பொருள் அல்லது ஒரே ஒரு வேலை. அதற்கு ஆகும் செலவு, அதில் வரும் காசு. ஒரு ஷாஃப்ட், ஒரு கிலோ மைசூர்பாகு, ஒரு சுடிதார் தையல். அந்த ஒரு கணக்கைப் பேசி முடித்தாலே வந்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். உடனே யோசனை சொல்ல ஆரம்பிப்பவரைவிட, இன்னும் இரண்டு கேள்வி கேட்பவர் நல்லவர். அவரிடம் கைமாற்று வாங்கக் கூடாது, கூட்டுச் சேரக் கூடாது. வாங்கிவிட்டால் அப்புறம் அவர் வெளியாள் கிடையாது.

சித்தப்பா கதைக்கு வருகிறேன். 16 ரூபாயை 19 ஆக்கிக் கேட்கச் சொன்னார் பெரியவர். பார்ட்டி 18-க்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். ஒன்பது பதினெட்டு 162, இன்னும் 3 ரூபாய் உதைக்கிறது. அப்போது பெரியவர் விலையை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்: "தினமும் நாலு சைஸ் கலந்து அனுப்புறாங்களே, வாரத்துக்கு ஒரு சைஸா அனுப்பச் சொல்ல முடியுமா?" சித்தப்பாவுக்கு அதைக் கேட்கலாம் என்றே தோன்றியதில்லை. கேட்டார், அவர்களுக்கும் அதில் சிரமம் இல்லை. செட்டிங் நேரம் குறைந்து மணிக்குப் பத்து ஷாஃப்ட் வந்தது, 180 ரூபாய். சின்னப் பார்ட்டியின் புஷ் வேலை காலை ஷிஃப்டுக்கு முன்னேறியது.

பெரியவர் சொன்னதெல்லாம் சரியாகவும் இல்லை. அடுத்த வருடமே கடன் வாங்கி, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின் ஒன்று போடச் சொன்னார். பெரிய கம்பெனியில் இருந்தவர், மெஷின் வந்தால் வேலை தானாக வரும் என்ற நினைப்பு. சித்தப்பா மறுத்துவிட்டார். இரண்டு பேரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருடம் பம்ப் ஆர்டர் குறைந்தபோது, பக்கத்தில் சிஎன்சி போட்டவர்கள் தவணை கட்டத் திணறினார்கள். கேட்பது அவர் வேலை, முடிவெடுப்பது முதலாளி வேலை என்பது இருவருக்கும் அதற்கப்புறம்தான் தெளிவானது என்று நினைக்கிறேன். மறுபடியும் டீ குடிக்க வந்தார்.

நடுவில் பெரியவருக்கு உடம்பு சரியில்லாமல் எட்டு மாதம் வரவில்லை. அந்த எட்டு மாதமும் பட்டறையில் மணிக்கணக்கு நோட்டு எழுதப்படவே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்றைக்கு நாளைக்கு என்று விட்டுப்போனது. டாண்டோரா பெண்களைப் பற்றி வெகுநாள் கழித்துப் படித்தபோது எனக்கு அந்த நோட்டின் வெற்றுப் பக்கங்கள்தான் ஞாபகம் வந்தன. பெரியவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "நோட்டு எங்க தம்பி?" என்று கேட்ட மறுநாளிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார்கள்.

அவர் இப்போது இல்லை. சுவரில் அந்த 165-ஐ அழிக்காமல், பக்கத்தில் வருடாவருடம் ஏப்ரலில் புது எண்ணை எழுதுகிறார்கள். எழுதுவது சித்தப்பாவின் மகள். கூலி, கரண்ட், வட்டி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, "உங்க சம்பளம் எவ்வளவுப்பா?" என்று நிறுத்துவாள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு அன்னூர் பக்கம் ஒரு சின்னப் பையனின் லேத் பட்டறைக்குப் போய்வருகிறார். போனமுறை நானும் கூடப் போனேன். அந்தப் பையன் ஒரு பெரிய கம்பெனியின் ஆர்டர் காகிதத்தைச் சந்தோஷமாக எடுத்துக் காட்டினான். சித்தப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து மேஜைமேல் வைத்தார். மெஷின் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சாக்பீஸ் இருக்கா தம்பி?" என்றார்.